செத்தவர் போட்ட மெட்டு

அத்தியாயம் 4

உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்காருகிறவர்களை ராகினிக்குப் பிடிக்காது. கூரைக்குக் கீழே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர்களைப் பார்த்தாலும் ஆகாது. விமலன் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தான். போதாததற்கு, மலாக்காவில், புக்கிட் பெருவாங் மோட்டார் பட்டறைக்கு மேலே இருந்த அவளுடைய சின்னத் துப்பறியும் ஆபீசை, வாடகைக்குப் பார்க்க வந்தவன் போல நாலு மூலையும் அளந்தான்.

"பேண்ட் பேரு கித்தா காடு, ரப்பர் தோட்டத்த நெனச்சு வெச்சது," என்றான். "நாலு பேரும் சின்னப் பசங்க. முதல் ஆல்பம், முதல் வெட்டுன்னு பேரு. நான்தான் தயாரிப்பு. ஹார்ட் ராக், ஆனா எழுபதுகள்ல அடிச்ச மாதிரி சவுண்டு. பழைய மைக், பழைய ஆம்ப்ளிஃபயர். கம்ப்யூட்டர் வேலையே இல்ல."

"எழுபதுகள்ல நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டான் தனேஷ். ராகினியின் உதவியாளன். முப்பத்து நாலு வயது. கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். மாப்பிள்ளை வீட்டாரிடம் வாயைக் கொடுத்தே அந்தத் தொழிலைக் கெடுத்துக்கொண்டவன்.

"நான் எண்பத்தெட்டுல பொறந்தேன்."

"அப்ப நேர்ல பார்த்த அனுபவம்."

விமலன் அதைக் கேட்காதது போல ஒரு பழைய கேசட்டையும் கைக்கு அடக்கமான பிளேயரையும் மேசையில் வைத்தான். கேசட்டின் மேல் ஒட்டிய தாள் பழுப்பேறியிருந்தது. நீல மையில், கோணலான கையெழுத்து: மருதமுத்து, பொங்கல் 1979.

விஷயம் இதுதான். ஜாசின் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் மருதமுத்து என்று ஒருவர் பால் மரம் வெட்டினார். கிட்டார் வாசிப்பார். இறந்து இருபது வருஷம். அவருடைய கேசட் போன வாரம் விமலன் கைக்கு வந்தது. போட்டுக் கேட்டால், கித்தா காட்டின் ஆறு பாட்டும் அதில் இருக்கின்றன.

"ஆறும் யாரு போட்டதுன்னு இதுவரைக்கும் சொல்லிட்டிருந்தீங்க?" என்றாள் ராகினி.

"பேஸ் கிட்டார் வாசிக்கிற பொண்ணு. தேவிஸ்ரீ. கையுறை ஃபேக்டரில ஷிப்ட் வேலை. அவ அப்பா அதே தோட்டத்துல வளர்ந்தவரு. எங்கேயோ கேட்டதத் தன்னுதுன்னு சொல்லிட்டா. நான் திட்டல லா. பாவம், அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"நாங்க என்ன செய்யணும்?"

"கேசட் உண்மையானதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வெளிநாட்டுல ஒரு கம்பெனி, மறந்துபோன பழைய பாட்டுகளாத் தேடி வெளியிடுறாங்க. வெளியாள் ஒருத்தர் உறுதிப்படுத்தணும்னு கேக்கறாங்க. சனிக்கிழமை வெளியீடு. அட்டையில 'பாடல்கள்: மருதமுத்து'ன்னு போட்டுடுவோம். தோட்டத்துல உழைச்சுச் செத்தவருக்கு நம்மால முடிஞ்ச மரியாதை."

மரியாதை என்ற சொல்லை அவன் வாயில் கேட்டபோது ராகினிக்குப் பல் கூசியது.

அவன் பொத்தானை அழுத்தினான். இரைச்சலுக்கு நடுவே கிட்டார் உறுமியது. டிரம்ஸ் பழைய டிராக்டர் மேடு ஏறுவது போல மூச்சு வாங்கிக்கொண்டு அடித்தது. ராகினிக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் மூன்றாவது பாட்டில் தன் கால் தானாகத் தாளம் போடுவதைப் பார்த்து, காலை நாற்காலிக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது பாட்டு முடிந்ததும் கேசட்டில், தூரத்து சுரா ஒன்றிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. உடனே பாடுகிறவனின் குரல்: "பாங்கு சொல்றாங்க. மணி ஏழே கால் தாண்டிருச்சு. பத்து நிமிஷம் கைய வைக்காதீங்கப்பா."

விமலன் விரலைத் தூக்கினான். "இதக் கேட்டீங்களா? பாங்கு கேட்டா கச்சேரிய நிறுத்துற பழக்கம். இந்தப் பண்பு எல்லாம் அந்தக் காலத்து தோட்டத்து ஆளுங்களோட சரி. இத யாராலயும் ஜோடிக்க முடியாது."

ஆறாவது பாட்டு முடிந்த மறு நொடி அவன் கேசட்டை நிறுத்தினான். "இதுக்கு மேல வெறும் சத்தம்."

கேட்பதற்கு முன்பே மருதமுத்துவின் மனைவி இருக்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்தான். போகும்போது தனேஷிடம், "சின்ன வேலைதான். உங்களுக்கு ஏத்த வேலை," என்றான்.

காலடிச் சத்தம் படியிறங்கி மறைந்ததும் தனேஷ் சொன்னான்: "அக்கா, இந்த ஆள் நம்மள முட்டாள்னு நெனச்சுத்தான் தேடி வந்திருக்கான். விளம்பரம் நல்லா வேலை செய்யுது."

ராகினி நோட்டைத் திறந்தாள். இடது பக்கம் தெரிந்தது, வலது பக்கம் தெரியாதது. அவளுடைய முறை அது. இடது பக்கம் நிரம்பிவிட்டது. பழைய கேசட், பழைய கையெழுத்து, கேட்டுச் சொல்ல மனைவி. வலது பக்கம் வெறுமையாக இருந்தது. அதைத்தான் அவள் நம்பவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால், இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தபோது, ஒரு கடைக்காரர் தன் கடைக்குத் தானே தீ வைத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள். அன்றும் எல்லாம் பொருந்தியிருந்தது. தீ வைத்தவன் வேறு ஒருவன் என்று தெரிய வருவதற்குள் அந்த மனிதர் ஊரை விட்டே போயிருந்தார்.

*

தேவிஸ்ரீயை அன்று மாலை ஷிப்ட் முடிந்து வரும் வழியில் பிடித்தார்கள். இருபத்து மூன்று வயது. கையுறை மாவு இன்னும் முழங்கை வரை வெள்ளையாக ஒட்டியிருந்தது. சாலையோர ஒட்டுக்கடை மேசையில் உட்கார்ந்து தே ஓ ஐஸ் என்னும் பாலில்லாத ஐஸ் டீ வாங்கினாள், குடிக்கவில்லை.

"ஆறும் நான்தான் போட்டேன்," என்றாள். சற்றுப் பொறுத்து, "போட்டேன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றாள்.

"அது என்ன கணக்கு?" என்றான் தனேஷ்.

"மெஷின் பக்கத்துல எட்டு மணி நேரம் நிக்கறேன்ண்ணா. அந்தச் சத்தத்துலேருந்து ஒரு தாளம் வரும். அத மண்டைக்குள்ளயே வெச்சு வீட்டுக்குக் கொண்டாந்து பேஸ்ல வாசிப்பேன். போன்ல பதிஞ்சும் வெச்சிருக்கேன். ஆனா பதிஞ்சது எல்லாம் ரெண்டு வருஷத்துக்கு முந்தி. கேசட்டு எழுபத்தொம்பது. அதக் காட்டி என்னா பிரயோசனம்? விமலன் அண்ணன் கேசட்ட ஒரு நிமிஷம்தான் போட்டுக் காட்டுனாரு, ஒரே இரைச்சல், ஆனா மெட்டு அதேதான்."

"மத்த மூணு பேரும் என்ன சொன்னாங்க?"

"பிரவின்தான் பாடறவன். அவன் என் மூஞ்சியப் பார்க்காம, 'விடு தேவி, ஒரு பொண்ணு போட்ட பாட்டுன்னா எவனும் கிளாசிக்னு ஒத்துக்கவும் மாட்டான்'னு சொல்றான். மத்த ரெண்டு பேரும் போனப் பாத்துட்டிருந்தானுங்க." அவள் ஸ்ட்ராவை நெரித்தாள். "அதுகூடப் பரவால்லக்கா. அப்பாகிட்ட கேட்டேன். மருதமுத்து கிட்டார் வாசிச்சது ஞாபகம் இருக்குங்கறாரு. ஒருவேளை அப்பா சின்னப் பிள்ளையில என்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு அதையே முணுமுணுத்திருப்பாரோ? ராத்திரி எல்லாம் அதான் ஓடுது. இப்ப புதுசா ஒரு மெட்டு வந்தாக்கூட, இது யாருதுன்னு பயமா இருக்கு. ஒரு வாரமா பேஸைத் தொடல."

ராகினி நோட்டை எடுத்தாள். ஆறுதல் சொல்ல ஆதாரம் வேண்டும், அவளிடம் இல்லை. வலது பக்கத்தில் ஒரே வரி எழுதினாள்: இந்தப் பெண்ணின் பாட்டு யாருடையது?

*

வெள்ளிக்கிழமை மத்தியானம் உம்பாய். கடலோர மீன் கடை ஒன்றின் பின்பக்கம் ராஜம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். விரல்கள் மட்டும் இருபதில் நின்றுவிட்டவை போல ஓடின.

"பாட்டி, ஒரு விஷயம் கேக்கணும்," என்று ஆரம்பித்தான் தனேஷ்.

"யாருக்குடா பாட்டி? ஒன் தலையில என்னைவிட நரை ஜாஸ்தி."

தனேஷ் தலையைத் தடவிக்கொண்டு பின்வாங்கினான். ராகினி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, உங்க வீட்டுக்காரரு கேசட் பத்தி."

"அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் அனுப்புனானா? தீபாவளிக்கு முந்தி வந்து வாங்கிட்டுப் போனான். எழுத்து அவரு எழுத்துத்தான். அவரு கேசட்டுத்தான்."

ராகினியின் பேனா நின்றது. போன வாரம் கிடைத்தது என்றல்லவா சொன்னான்?

"போட்டுக் காட்டுனாராம்மா?"

"போன வாரம் கொண்டாந்து போட்டான். எனக்கு ஒரு காது செவிடு, மறு காதுல கடல். இது அவரு சத்தம்தானேன்னான். சத்தம்னா அவரு சத்தமாத்தான் இருக்கும்னேன். அதுக்குப் போயி சந்தோஷமா கைய குலுக்குறான்."

"நல்லா வாசிப்பாரா?"

ராஜம்மா ஒரு இறாலின் தலையைத் திருகிப் போட்டார். "நாலு பாட்டு வாசிப்பாரு. நாலும் சினிமாப் பாட்டு. அதுலயும் ரெண்டு பாதியில மறந்துடும். கடைசில இருமிக்கிட்டே என்கிட்ட தண்ணி கேப்பாரு. அதுவும் கேசட்டுல பதிஞ்சிருக்கு. கறுப்புக் கண்ணாடிகிட்ட சொல்லி அத வாங்கிக் குடுங்க. பாட்டு வேணாம், அந்த இருமல் எனக்கு வேணும்."

ராகினி அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"பொங்கல் கலை நிகழ்ச்சியில வாசிச்சாரா?"

"ஒரு வாட்டி. மேடையில ஏத்துனானுங்க. பாங்கு முடிஞ்ச பிறகு ஏழு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பிக்கும், முதல் ஆளா ஏறி முதல் ஆளா எறங்குனாரு."

ராகினி அதை எழுதினாள். கார் வரை நடந்தாள். கதவைத் திறந்தாள். மூடினாள்.

"என்னக்கா?"

"பாங்கு முடிஞ்ச பிறகு, ஏழு மணிக்கு." அவள் நோட்டைப் பார்த்தாள். "நேத்து நம்ம பட்டறைப் பக்கத்து சுராவுல பாங்கு எப்ப சொன்னாங்க?"

"ஏழு இருபது இருக்கும். நான் அப்பத்தான் மீ கோரேங் வாங்கப் போனேன்."

"அப்ப ஏழு மணிக்கு எப்படி பாங்கு முடிஞ்சிருக்கும்?"

"கெழவிக்கு ஞாபகம் தப்பியிருக்கும்லா."

"இருக்கலாம்," என்றாள் ராகினி. இருக்கலாம் என்பதை அப்படியே விட்டதால்தான் ஒரு கடைக்காரர் ஊரை விட்டுப் போனார். அவள் திரும்பிப் போய் ராஜம்மாவிடம் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ராஜம்மா, இதுகூடத் தெரியாத ஜென்மமா என்பது போல அவளைப் பார்த்துவிட்டு, ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னார். ராகினி போனில் அதைத் தேடிச் சரிபார்த்தாள். பிறகு இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

"கிளேபாங்குக்கு விடு," என்றாள். "ஏழு மணிக்கு முன்னாடி அங்க இருக்கணும். தேவிஸ்ரீயையும் வரச் சொல்."

*

கிளேபாங்கில், சாலையோரக் கடைகளுக்குப் பின்னால் இருந்த வாடகை மண்டபத்தில்தான் கித்தா காட்டின் ஒத்திகை. விமலன் மேடைக்குக் கீழே சுழல் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு பெட்டி நிறைய புது அட்டைகள். 'பாடல்கள்: மருதமுத்து' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தே வைத்துவிட்டான். கையெழுத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

"கடிதம் ரெடியா?" என்றான்.

"ரெடியாயிடும். ஒத்திகை பார்த்துட்டுத் தர்றேன்."

பிரவின் மைக் முன்னால் தலைமுடியை உதறிக்கொண்டு நின்றான். இருபத்தைந்து வயது, பத்து விரலுக்கும் மோதிரம். கண்ணாடி முன்னால் நின்று பழகிய முகத்தை அவன் கண்ணாடி இல்லாத இடத்திலும் கழற்றவில்லை. தேவிஸ்ரீ ஓரமாக, பேஸைத் தோளில் மாட்டிக்கொண்டு, கம்பிகளைத் தொடாமல் நின்றாள். அவள் இல்லாமலே ஒரு பாட்டை அடித்துத் தீர்த்தார்கள். சோற்றில் உப்பு மறந்தது போல இருந்தது. அது விமலன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. தலையை ஆட்டி ரசித்தான்.

இரண்டாவது பாட்டின் நடுவில் பக்கத்து சுராவிலிருந்து பாங்கு எழுந்தது.

பிரவின் கையைத் தூக்கினான். யோசிக்காமல், தினமும் சொல்கிற பழக்கத்தில், மைக்கிலேயே சொன்னான்: "பாங்கு சொல்றாங்க. பத்து நிமிஷம் கைய வைக்காதீங்கப்பா."

எல்லாம் அடங்கியது. தனேஷ் மெல்ல மணிக்கட்டைத் திருப்பி ராகினிக்குக் காட்டினான். ஏழு இருபத்திரண்டு. பாங்கு முடியும்வரை யாரும் பேசவில்லை, ராகினியும் பேசவில்லை.

முடிந்ததும் எழுந்தாள். "விமலன், கேசட்ட ஒரு தடவை போடுங்க. பாங்கு வர்ற எடம்."

அவன் பெருமையாகவே போட்டான். இரைச்சல். பாங்கு. அதே குரல், கொஞ்சம் தேய்த்து மெலிய வைத்த குரல்: "பாங்கு சொல்றாங்க. மணி ஏழே கால் தாண்டிருச்சு. பத்து நிமிஷம் கைய வைக்காதீங்கப்பா." உடனே ஆறாவது பாட்டு தொடங்கியது.

டிரம்ஸ் அடிப்பவன் பிரவினைத் திரும்பிப் பார்த்தான். பிரவின் தன் மோதிரங்களைப் பார்த்தான்.

"பிரவின் தம்பி," என்றான் தனேஷ், "எழுபத்தொம்பதுல பாடியிருக்கீங்க. இப்ப எழுபது வயசு இருக்குமா? எந்த சோப்பு போடுறீங்க?"

"குரல் ஒரே மாதிரி இருந்தா சாட்சியா?" என்று விமலன் சிரித்தான். "தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவாங்க. ஏங்க, நீங்க இன்சூரன்ஸ்ல கிழிச்ச கதை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன்."

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. ராகினி அதை நிறுத்தச் சொல்லவில்லை.

"குரலை விடுங்க. மணியைப் பார்ப்போம். ஜனவரி மாசம், மலாக்காவுல இப்ப சாயங்கால மக்ரிப் பாங்கு ஏழே காலைத் தாண்டித்தான் வரும். இப்ப கேட்டோம். உங்களுக்கும் எனக்கும் பொறந்ததுலேருந்து அப்படித்தான். அதனால உங்களுக்கு அது தப்பாவே தெரியல. ஆனா, ராஜம்மா சொன்னாங்க, எண்பத்திரண்டு பொறந்தப்ப மேற்கு மலேசியா பூரா கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளி வெச்சாங்க. அதுக்கு முந்தி, பொங்கல் நேரத்துல பாங்கு ஏழு மணிக்குள்ள முடிஞ்சிடும். எழுபத்தொம்பதுல ஏழே காலுக்கு எந்த சுராவுலயும் பாங்கு கிடையாது."

மண்டபத்தில் ஆறாவது பாட்டு மட்டும் உறுமியது.

"இது அந்தக் காலத்து பாங்கு இல்ல. வெளியில இருக்கற இந்த சுரா பாங்கு. இந்த மாசம், இந்த மண்டபத்துல, பழைய கேசட்டு மேல பதிஞ்சது. தீபாவளிக்கு முந்தியே ராஜம்மாகிட்ட வாங்குன கேசட்ட, போன வாரம் கிடைச்சதுன்னு சொன்னீங்க. யாராலயும் ஜோடிக்க முடியாதுன்னு நீங்க விரல நீட்டிக் காட்டின எடத்தத்தான் நீங்க ஜோடிச்சீங்க."

விமலன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். உள்ளே இருந்த கண்கள் ரொம்பச் சாதாரணமாக இருந்தன. "சரி. அதுனால என்னா? உலகத்துல எவனுக்கும் கையுறை ஃபேக்டரிப் பொண்ணோட பாட்டு வேணாம். செத்துப்போன தோட்டத்துத் தொழிலாளியோட பாட்டுன்னா கேப்பான். ஆல்பம் நல்லதுக்குத்தான் செஞ்சேன். அவளுக்கும் அதுல பேரு இருக்கே, பேஸ் வாசிச்சான்னு."

"அவரோட சொந்தக் கேசட்ட அழிச்சுட்டு அவருக்கு மரியாதையா?" என்றாள் ராகினி.

"நாலு சினிமாப் பாட்டு. யாருக்கு வேணும்?"

அவன் பிளேயரை நிறுத்தக் கை நீட்டினான். தனேஷ் நடுவில் வந்து நின்றான். "இருக்கட்டும் பாஸ். மிச்சம் வெறும் சத்தம்தானே?"

ஆறாவது பாட்டு முடிந்தது. பட்டென்று ஒரு தட்டல். இரைச்சலின் தன்மை மாறியது. இது மட்டும் ராகினிக்கு உறுதியில்லை. விமலன் சோம்பேறி, கடைசிவரை அழித்திருக்க மாட்டான் என்ற ஒரே நம்பிக்கைதான்.

ஒரு கிட்டார் கேட்டது. சுருதி சேராத கிட்டார். ஒரு சினிமாப் பாட்டைத் தேடிப் பாதி வழி போய், தடுமாறி, மறுபடி முதலிலிருந்து வந்து, அதே இடத்தில் தொலைந்தது. பிறகு ஒரு ஆணின் நீண்ட இருமல். "ராஜம்மா... தண்ணி குடு புள்ள." தூரத்தில் ஒரு இளம் பெண்ணின் குரல்: "மொதல்ல அந்தப் பொட்டியக் கீழ வைங்க." அதோடு கேசட் தானாக நின்றது.

தேவிஸ்ரீ பிளேயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இவராக்கா?" என்றாள். "இவரா என் பாட்டப் போட்டாரு?"

"இவருக்கு நாலுதான் தெரியும்," என்றாள் ராகினி. "அதுலயும் ரெண்டு மறந்துடும்."

பிரவின் வாயைத் திறந்தான். "தேவி, நான் அன்னிக்குச் சொன்னது சும்மா வெளாட்டுக்குத்தான்..."

"மைக்க விட்டுத் தள்ளி நில்லு," என்றாள் தேவிஸ்ரீ. குரலை உயர்த்தவில்லை. அவன் தள்ளி நின்றான்.

ராகினி நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து, கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை தயங்கவில்லை. இந்தக் கேசட்டில் மருதமுத்து வாசித்தது கடைசி மூன்று நிமிடம் மட்டுமே. மற்ற ஆறு பாடல்களும் தேவிஸ்ரீ போட்டவை. அதை விமலனின் அட்டைப்பெட்டி மேல் வைத்தாள். கேசட்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"அது என்னுது," என்றான் விமலன்.

"இல்ல. உம்பாய்ல ஒருத்தருக்கு இருமல் வேணுமாம்."

வாசலைத் தாண்டும்போது பின்னால் பேஸ் முழங்கியது. ஒரு வாரம் தொடாத விரல். முதல் அடியே தப்பியது. மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை டிரம்ஸும் பின்னாலேயே ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

தனேஷ் காரைக் கிளப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தான். "இது எந்தப் பாட்டுக்கா? கேசட்டுல இல்லியே."

ராகினி நோட்டை விரித்தாள். வலது பக்கத்தில் நேற்று எழுதிய ஒரே வரியை அடித்தாள்.

"ஏழாவது," என்றாள்.